கொள்ளிடத் திட்டில் எம்-சாண்ட்: காங்கிரீட்டுக்கு வாங்கலாம், பூச்சுக்கு யோசிக்கலாம், மேடு தூக்க வேண்டாம்

கொள்ளிடம் கடலை நெருங்கும் இடத்தில், ஆற்றின் இரு கரைகளுக்கும் நடுவே, மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் திட்டுகள் பல உள்ளன. மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல், கடலூர் மாவட்டப் பக்கம் திட்டுக்காட்டூர் என்று ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் செய்தித்தாள்களில் பெயர் அடிபடும் ஊர்கள் இவை. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்பட்டபோது, இவ்வூர்களின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படிப்பட்ட திட்டு ஒன்றில் என் தங்கை குடும்பத்தின் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, 800 சதுர அடியில் தளம் போட்ட வீடு கட்டும் வேலையை முன்னின்று கவனித்தேன். அந்த வீட்டில் ஆற்று மணல் ஒரு கூடைகூடச் சேரவில்லை. கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட், அதிலேயே பூச்சு வேலைக்கான நுண்ணிய வகையான பி-சாண்ட், கருங்கல் ஜல்லி, கொஞ்சம் சிவப்புக் கிராவல் ஆகியவற்றைக் கொண்டே வேலை முடிந்தது. அப்பொருள்களைப் பற்றியும், அவற்றை விற்று, ஏற்றி, இறக்கிக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றியுமான மதிப்பீடு இது.

சுற்றிலும் மணலாகக் கிடக்கும்போது வெகு தொலைவிலிருந்து கல்லை உடைத்து வாங்கி வருவது பைத்தியக்காரத்தனம் என்று ஊரில் பேசினார்கள். திட்டில் கட்டுகிறவருக்கு அது பைத்தியக்காரத்தனம் அன்று என்பதுதான் என் முடிவு. கரையில் இருக்கும் ஊருக்கு ஆற்று மணல் ஒரு கட்டுமானப் பொருள். திட்டுக்கோ அதுவே தரை. நூறு அடி தள்ளி அள்ளிய குழியை அடுத்த வெள்ளம் வந்து நிரப்பும். ஆனால் நிரப்புவதற்கான மணலைத் திட்டின் ஓரத்தை அறுத்துத்தான் கொண்டுவரும். முன்பெல்லாம் மேலேயிருந்து புது மணல் வந்து சேர்ந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு காவிரி சுமந்து வரும் மணலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. மிஞ்சுவதும் மேலணை, கல்லணை, கீழணை என்று ஒவ்வோர் இடமாகத் தங்கித்தான் கடைமடைக்கு வருகிறது. ஆக, கீழ்க்கொள்ளிடத்தில் இன்று அள்ளப்படும் மணல் வட்டி அன்று, முதல். 2018-இல் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, கொள்ளிடத்தில் கணக்கின்றி மணல் அள்ளியதும் அதற்கு ஒரு காரணம் என்று டெல்டா விவசாயிகள் குற்றஞ்சாட்டியதை இங்கே நினைவுபடுத்தலாம். கல்லும் இரும்புமாகக் கட்டிய அணைக்கே அந்தக் கதி என்றால், வெறும் மணலால் ஆன திட்டு எம்மாத்திரம்?

தீவில் வாழ்கிறவர்கள் உலகெங்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன; சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் சுற்றிலும் இருந்த பவளப்பாறைகளை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே வழியில் தேய்ந்துகொண்டிருந்த தூத்துக்குடி வான் தீவைக் காப்பாற்ற, அரசு செலவு செய்து கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்க வேண்டியதாயிற்று. மொரீஷியஸ் தன் கடற்கழிகளில் மணல் எடுப்பதை 2001-இல் நிறுத்திவிட்டு, தீவிலேயே கிடைக்கும் எரிமலைப் பாறையை உடைத்த மணலுக்கு மாறியது. பாறையே இல்லாத பவளத் தீவுகளுக்கு அந்த வழி இல்லை. பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் தெற்குத் தராவாவில் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் மணலும் ஜல்லியும் பொறுக்கி விற்பதை நிறுத்துவதற்காக, கரைக்குப் பாதகமில்லாத இடத்தில் கடற்கழியின் அடியிலிருந்து தோண்டியெடுத்து விற்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அரசு நிறுவனம் ஒன்றையே தொடங்கினார்கள். மாலத்தீவோ வெளியிலிருந்து வாங்குகிறது: 2024-25-ஆம் ஆண்டுக்கு மட்டும் பத்து லட்சம் டன் ஆற்று மணலும் பத்து லட்சம் டன் ஜல்லியும் அங்கே ஏற்றுமதி செய்ய இந்திய அரசு அனுமதித்தது. உள்ளூர்ப் பாறையை உடைப்பது, தீங்கில்லாத இடமாகப் பார்த்துத் தோண்டுவது, வெளியிலிருந்து வாங்குவது என்ற இந்த மூன்று வழிகளில், பாறையும் இல்லாத, தோண்டவும் கூடாத கொள்ளிடத் திட்டுக்கு மூன்றாவது வழிதான் மிச்சம். நமக்குக் கப்பல் வேண்டியதில்லை. புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து லாரி போதும்.

இனிப் பொருளுக்கு வருவோம். எம்-சாண்ட் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் சந்தையில் விற்கப்படுகின்றன என்பதைத்தான் வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜல்லி உடைக்கும்போது உதிரும் கிரஷர் தூளைச் சலித்து விற்பது ஒன்று. அதன் துகள்கள் தட்டையாகவும் ஊசியாகவும் இருக்கும்; மாவும் மிகுதி. கருங்கல்லைப் படிப்படியாக உடைத்து, கடைசிக் கட்டமாக விஎஸ்ஐ எனப்படும் இயந்திரத்தில் கல்லைக் கல்லோடு மோதவிட்டு முனை மழுக்கி, தண்ணீரில் அலசி எடுப்பது இன்னொன்று, அதுவே எம்-சாண்ட். குவித்து வைத்திருக்கும்போது இரண்டும் சாம்பல் நிறக் குவியல்தான். பில்லில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். அதனால் கிரஷருக்குப் பொதுப்பணித் துறையின் தரச்சான்று இருக்கிறதா என்று கேட்பதும், சான்றின் நகலை வாங்கிப் பார்ப்பதும் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. நாங்கள் முதலில் விசாரித்த இடங்களில் சிலர் சான்று கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். கடைசியில் கும்பகோணம் வட்டாரத்தில் நாங்கள் சரக்கெடுத்த டெப்போக்காரர் கேட்காமலேயே கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அவரிடமே எடுத்ததற்கு அது முதற்காரணம்.

கல்மாவு கொஞ்சம் இருந்தாலே கலப்படம் என்று நினைப்பதும் சரியன்று. கட்டுமானத்துக்கான மணல், ஜல்லி ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிறுவனம் வகுத்த ஐஎஸ் 383, 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 75 மைக்ரானுக்கும் நுண்ணிய துகள் ஆற்று மணலில் 3 விழுக்காடு வரையும், உடைத்த கல் மணலில் 15 விழுக்காடு வரையும் இருக்கலாம் என்கிறது. ஆற்று மணலில் அந்த நுண்துகள் பெரும்பாலும் களிமண்ணும் வண்டலும். கல் மணலில் அது அதே கல்லின் மாவு. அளவோடு இருந்தால் காங்கிரீட்டின் நுண்ணிய இடைவெளிகளை அடைத்து நன்மையே செய்கிறது. அளவு மீறும்போதுதான் வம்பு.

அந்த வம்பை நாங்கள் பார்த்தோம். டெப்போவில் சரக்கு இல்லாத ஒரு வாரத்தில், வேலை நிற்கக் கூடாது என்று வேறு ஒரு வியாபாரியிடம் வாங்கிய லோடு அது. அவருடைய முதல் நடை குறை சொல்ல முடியாததாக இருந்தது. இரண்டாவது நடை லாரியிலிருந்து சரியும்போதே புகை கிளம்பியது. ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்துவிட்டு உதறினால் உள்ளங்கை ரேகையெல்லாம் வெள்ளை படிந்து நின்றது. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி வைத்தோம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது, நல்ல சரக்கில் மேலே நூல் பிடித்தாற்போல் படிந்திருக்க வேண்டிய மாவு இரண்டு விரற்கடை கனத்தில் கூழாக நின்றது. வியாபாரியைக் கைப்பேசியில் அழைத்தால், ‘கிரஷர்ல வர்றதுதான் சார், நாங்க என்ன பண்றது’ என்ற பதில்தான் கிடைத்தது. அந்த லோடு காங்கிரீட்டுக்குப் போகவில்லை. வாசல் பாதைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. சரக்கு இறங்கிய பின் திருப்பி அனுப்புவது என்பது திட்டில் நடக்கிற காரியமன்று என்பதால், சோதனையைக் கரையிலேயே, லாரியின் பின்கதவைத் திறப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அளவு விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். டெப்போக்கள் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடிக்கு இத்தனை ரூபாய் என்று விற்கின்றன. கிரஷரில் டன் கணக்கில் ஏற்றுகிறார்கள். ஒரு யூனிட் எம்-சாண்ட் ஈரத்தையும் பருமனையும் பொறுத்துத் தோராயமாக நாலரை முதல் ஐந்து டன் வரை நிற்கும். லாரியின் தொட்டியை டேப் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்குவது ஒரு வழி. ஆனால் மணலுக்கு ஒரு குணம் உண்டு. லேசான ஈரம் பட்டதும் துகள்களுக்கிடையே காற்றை வைத்துக்கொண்டு நாலில் ஒரு பங்கு வரைகூட உப்பிக் காட்டும்; முழுக்க நனைந்தால் மீண்டும் அடங்கிவிடும். கன அடியில் அளந்து வாங்கியவர் காற்றுக்கும் காசு கொடுத்திருப்பார். எடையில் வாங்கினால் தண்ணீருக்குக் கொடுப்பார். எங்கள் டெப்போக்காரர் எடைமேடைச் சீட்டையும் கொடுத்து, தொட்டியையும் அளக்கவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய ஏமாற்று நடக்க இடமில்லை. ஓட்டுநரிடம் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத லாரி வழியில் பிடிபட்டால் நம் வேலைதான் நிற்கும்.

ஏற்றி இறக்கும் ஏற்பாட்டைப் பொறுத்தவரை, டெப்போவின் சேவை ஆற்றங்கரையோடு முடிந்துவிடுகிறது. பெரிய லாரி படுகைக்குள் இறங்காது, இறங்கினால் ஏறாது. கரையோரம் கொட்டி, அங்கிருந்து டிராக்டர் டிப்பரில் ஏற்றி, படுகைப் பாதை வழியாகத் திட்டுக்குக் கொண்டுசேர்ப்பது நம் பொறுப்பு. இந்த இரண்டாம் நடைக்கான வாடகையும் கூலியும் சேர்ந்ததும், எங்களுக்குக் கரையில் யூனிட் ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வந்த எம்-சாண்ட், வீட்டு வாசலுக்குப் போவதற்குள் அதில் பாதிக்கு மேல் கூடுதலாகத் தின்றுவிட்டது. கொட்டிய இடத்தில் மண்ணோடு கலந்து வீணாவது வேறு. கீழே தார்ப்பாய் விரித்துக் கொட்டினால் அதை வெகுவாகக் குறைக்கலாம். இந்தச் செலவைக் காட்டித்தான், ‘மாட்டு வண்டியில ரெண்டு நடை அடிச்சாப் போதுமே அண்ணே’ என்று சிலர் இரவு மணலுக்கு வழிகாட்டினார்கள். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அனுமதியின்றிக் கனிமம் எடுப்பதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பது ஒருபுறம். அந்த வண்டி எந்த ஆற்றுத்துறையில் இறங்கி அள்ளுகிறது என்று பார்த்தால், இதே திட்டின் கீழ்க்கோடி என்பது மறுபுறம்.

காங்கிரீட்டில் எம்-சாண்ட் நடந்துகொண்ட விதத்தில் எனக்குக் குறையே இல்லை. அடித்தளம், தூண், பீம், மேல்தளம் அனைத்துக்கும் அதுவே. கொத்தனாருக்குத்தான் முதலில் மனம் ஒப்பவில்லை. ஆற்று மணலிலேயே கை பழகியவர். கலவையைக் கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இது தண்ணி நெறையக் குடிக்குங்க, கம்பிக்கு நடுவுல எறங்காது’ என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. முனையுள்ள துகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் உருளாது. அதனால் அதே இளக்கத்துக்குக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் கேட்கும். கேட்டதற்காகக் கொடுத்துவிட்டால் வலு குறைந்துவிடும். சிமெண்ட் மூட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கலவை இளக்கி மருந்து சேர்த்து, தண்ணீர்க் குடத்தை எண்ணி ஊற்றச் செய்து, வைப்ரேட்டரை விடாமல் ஓட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. பலகை பிரித்தபோது தூண்களில் தேன்கூடு போன்ற பொத்தல் எங்கும் இல்லை. நீராற்றுவதில் மட்டும் சோம்பல் கூடாது. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது, அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமெண்ட். அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காக்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்கிறது.

திட்டில் கட்டுவோருக்கு எம்-சாண்டின் பெரிய நன்மை, அதில் உப்பு இல்லை என்பதே. முகத்துவாரத்துக்கு அருகில் கொள்ளிடத்தின் தண்ணீர் கோடையில் கரிக்கிறது. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வருவதால்தான் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை போன்றவற்றைக் கட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்து மணலில் படிந்த உப்பு, கண்ணுக்குத் தெரியாமல் கம்பியை அரிக்கும். துரு ஏறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளப்பதை, கடலோரக் கிராமங்களில் தொகுப்பு வீடுகளின் தளத்தைத் தலைநிமிர்ந்து பார்த்தாலே காணலாம். ஆனால் உப்பில்லாத மணலை வாங்கிவிட்டு, உப்புக் கைப்பம்புத் தண்ணீரில் கலந்தால் பயனில்லை. கம்பி கட்டிய காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே ஐஎஸ் 456-இன் வரம்பு. நாங்கள் குடிநீர்த் தொட்டி வண்டியில் தண்ணீர் வரவழைத்தோம். அதுவும் செலவுதான்.

ஜல்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முக்கால் அங்குல ஜல்லி சீராக இருந்தது. தட்டைக் கல் குறைவு. ஒன்றிரண்டு நடைகளில் தூசி படிந்து வந்ததைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பின் போட்டோம்.

பூச்சு வேலைக்கு வாங்கிய பி-சாண்டுக்கு அத்தனை தாராளமாக நற்சான்று கொடுக்க முடியாது. எம்-சாண்டைவிட யூனிட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் அதிகம். தரமோ நடைக்கு நடை மாறுகிறது. ஆற்று மணலில் பூசும்போது கரண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். பி-சாண்டில் இழுத்துப் பிடிக்கிறது, ஆள்கூலி கூடுகிறது. அதைவிடப் பெரிய குறை, மாவு மிகுந்த சரக்கில் பூசிய சுவர் காய்ந்ததும் சிலந்தி வலைபோல் மயிரிழை வெடிப்புகள் தோன்றுவது. மேற்குப் பார்த்த சுவரில் வெயில் நேராக அடிக்கும் பகுதியில் எங்களுக்கும் அப்படி வந்தது. உட்சுவர்களில் வரவில்லை. சிமெண்டைக் கூட்டினால் வெடிப்பு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், கூட்டினால் அதிகமாகும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல் என்ற அளவிலேயே நின்று, சுவரை முன்னதாக நன்றாக நனைத்து, காலை வெயில் ஏறுமுன் பூசி, மறுநாளிலிருந்தே சாக்குக் கட்டி ஈரம் காத்த இடங்கள் நன்றாக வந்தன. வெளிச்சுவர் முழுவதையும் பூசித்தான் ஆக வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். நல்ல சூளைச் செங்கல்லோ சாம்பல் செங்கல்லோ வைத்து, இணைப்பை மட்டும் நேர்த்தியாக அடைத்துவிட்டால், வாங்காத மணலைவிடச் சிக்கனமான மணல் இல்லை. எங்கள் வீட்டின் பின்புறச் சுவரை அப்படித்தான் விட்டோம். ‘பூசாத வீடு பாதி வீடு’ என்று என் மைத்துனர் முகம் சுளித்தார். மழைக்காலம் கழிந்தும் உள்ளே ஓதம் இறங்காததைப் பார்த்த பின் பேச்சை விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும்விடத் திட்டில் மணலைத் தின்பது காங்கிரீட்டும் அன்று, பூச்சும் அன்று; மேடு தூக்குவதுதான். இணையத்தில் எம்-சாண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் கட்டுவது நகரத்து மனையில். கொள்ளிட வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் தரைமட்டத்திலிருந்து நாலடியாவது தூக்காமல் வீடு கட்ட மாட்டார்கள். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர அடிக் கட்டடத்துக்கு ஏறத்தாழ 1.8 கன அடி மணல் பிடிக்கும் என்பது பொறியாளர்களின் வாய்க்கணக்கு. 800 சதுர அடி வீட்டுக்கு அது 1,440 கன அடி, அதாவது பதினான்கரை யூனிட். அதே வீட்டின் அடியை நாலடிக்கு நிரப்ப 3,200 கன அடி, அதாவது 32 யூனிட் வேண்டும். திமிசு போட்டு இறுக்கினால் இன்னும் கூடும். வீடு முழுவதும் கட்டத் தேவையானதைப் போல் இரண்டு பங்குக்கும் மேலான மணல், கண்ணில் படாமல் தரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஊரில் இரவு வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் இந்த நிரப்பலுக்காகத்தான்; அதற்குத் தரமான மணல்கூடத் தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த நிரப்பலுக்கு எம்-சாண்ட் வாங்குவது பணத்தைக் குழியில் கொட்டுவது. வல்லம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சிவப்புக் கிராவல் மலிவு. இறுக்கினால் நன்றாக இறுகும். ஆனால் அதுவும் இரட்டை நடைச் செலவோடுதான் திட்டுக்கு வரும், அதையும் எங்கோ ஒரு மேட்டைப் பள்ளமாக்கித்தான் எடுக்கிறார்கள். குளத்து வண்டலை வைத்து நிரப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது வயலுக்கு உகந்தது, தரைக்கு ஆகாது, ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும். நாங்கள் கடைசியில் செய்தது நிரப்பாமல் விட்டது. பழைய வீட்டின் உடைந்த ஓடும் செங்கல் கட்டிகளும் அடித்தளக் குழிகளைச் சுற்றி இறுக்கப் போய்விட்டன. தரைக்கு மேல் நாலடி உயரத்தில் தூண்களின்மீது பீம் கட்டி, ஐந்து அங்குலக் கனத்தில் கீழ்த்தளமாக ஒரு சிலாப் போட்டோம். அதற்கான காங்கிரீட் சுமார் 333 கன அடி. எம்-சாண்ட் ஒன்றரை யூனிட்டுக்குள், ஜல்லி மூன்று யூனிட்டுக்குள் அடங்கிவிட்டன. பீம்களுக்குத் தனியாகக் கொஞ்சம் சேரும். 32 யூனிட் நிரப்பலுக்குப் பதில் இது. கம்பியும் சிமெண்டும் கூடுதலாகப் பிடித்தன. ஆனால் 32 யூனிட்டை இரண்டு முறை ஏற்றி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால், செலவில் பெரிய வித்தியாசம் வரவில்லை. தண்ணீர் வந்தால் வீட்டுக்கு அடியில் புகுந்து போய்விடும்; சுவரை முட்டி நின்று அஸ்திவாரத்தைப் பறிக்காது. இப்போதைக்கு அந்த இடத்தில் ஆடுகள் படுத்திருக்கின்றன. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் வரைபடம் இல்லாமல் இதை யாரும் முயலக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் தூணைச் சுற்றி மண் அரித்துப்போகும் ஆழத்தைக் கணக்கிட்டுத்தான் அடித்தளம் எவ்வளவு இறங்க வேண்டும் என்று முடிவுசெய்ய முடியும்.

எம்-சாண்டைச் சுற்றுச்சூழலுக்குத் தீங்கே இல்லாத பொருள் என்று விளம்பரப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆறு தப்புகிறது, குன்று போகிறது. நார்த்தாமலைப் பக்கம் போகிறவர்கள் சாலையோரத்தில் பாதி வெட்டுண்டு நிற்கும் பாறைகளையும், வெடி வைக்கும் நேரத்தில் அதிரும் வீடுகளையும், இலையெல்லாம் வெள்ளை பூத்த மரங்களையும் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. அந்தத் தொகையை ஆற்றிலிருந்து மலைக்கு மாற்றி எழுதுவதால் மட்டும் அது குறைந்துவிடாது. ஆனால் குன்றுக்கும் திட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குவாரியை உரிமம் கொடுத்து எல்லை குறித்துக் கண்காணிக்க முடியும், கண்காணிக்கவும் வேண்டும். திட்டின் காலடியில் ஆற்றுக்குள் எடுக்கும் மணலுக்கு எல்லைக்கல் நட முடியாது. வெள்ளம் அதை எங்கிருந்து ஈடுகட்டும் என்பதை ஆறுதான் முடிவுசெய்கிறது. ஆகையால் திட்டில் கட்டுகிறவர் எம்-சாண்டை வாங்கட்டும், ஆனால் குறைவாக வாங்கட்டும் என்பதே என் பரிந்துரை. கீழ்த்தளச் சிலாப்பையும் பூசாத பின்சுவரையும் நான் இவ்வளவு விரித்து எழுதியதற்குக் காரணமும் அதுவே.

விலையைப் பற்றி ஒரு சொல். இந்தச் சரக்கின் விலை ஒரே நிலையில் நிற்பதில்லை. 2025 ஏப்ரலில் புதிய கனிம வரியை எதிர்த்துக் கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது டெல்டாவில் கட்டட வேலைகள் பல நாள் முடங்கின. அதன்பின் விலை ஏறியது. ஆற்று மணல் குவாரிகள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் வரை, எம்-சாண்ட் விற்பவருக்குப் போட்டி இல்லை. டெப்போவில் முன்பணம் கொடுத்து, ‘இன்ன கிரஷரின் சரக்கு, இன்ன விலை’ என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எங்கள் டெப்போக்காரர் எழுதிக் கொடுத்த விலையில் நின்றார். சரக்கு இல்லாத வாரத்தில் இல்லை என்று நேராகச் சொன்னார். காலையில் வருகிறேன் என்ற லாரி மாலையில் வந்த நாள்கள் உண்டு, வராத நாள் இல்லை. கரைக்கு அப்பால் டிராக்டர் ஏற்பாட்டையும் அவரே ஒரு கட்டணத்துக்குச் செய்து கொடுத்தால், திட்டுகளில் வாடிக்கையாளர் பலர் அவருக்குச் சேருவார்கள்.

வாங்கும் பருவமும் முக்கியம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, ஆகஸ்டில் உபரி நீர் கொள்ளிடத்தில் வந்துவிட்டால் படுகைப் பாதை மூழ்கிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பொங்கல் வரை டிராக்டர் சேற்றில் நிற்கும். தை பிறந்ததும் தொடங்கி வைகாசிக்குள் மொத்தச் சரக்கையும் திட்டுக்குள் கொண்டுவந்து, உயரமான இடத்தில் மூன்று பக்கமும் செங்கல் அணைத்து, தார்ப்பாய் மூடி வைத்துவிட வேண்டும். பி-சாண்டை மட்டும் பூச்சு தொடங்கும் மாதத்தில், இரண்டு யூனிட் மூன்று யூனிட்டாக, ஒவ்வொரு நடையையும் பாட்டிலில் குலுக்கிப் பார்த்து எடுக்கலாம்.